தேங்காய் எண்ணெயில் போட்ட புளி

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், நாலாவதோடு நின்றவள். மறதியும் உண்டு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஊர் பெருமாட்டி. எங்கள் வீட்டுச் சமையல் தேங்காய் எண்ணெயில். சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சித்தி பொள்ளாச்சிப் பக்கம், கடலை எண்ணெயில் வளர்ந்தவள். வந்த புதிதில் எல்லாம் சாப்பிட்டாள். பிறகு என்னவோ, தாளிக்கிற வாசம் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள்.

"நம்ம எண்ணெ ஆகலீன்னா அவிங்க ஊட்டுக்கே அனுப்பீர வேண்டியதுதான்" என்று அத்தை அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குத் தலை பின்னிவிட, பக்கத்தில் படுத்துக் கதை சொல்ல, சித்தியை விட்டால் ஆளில்லை. பயத்தில் எனக்கும் சோறு இறங்கவில்லை.

சித்தி கல்யாணத்தில் பலகாரம் சுட்ட சமையல்காரர், காய்ந்த கடலை எண்ணெயில் ஒரு துண்டு புளியைப் போட்டதைப் பார்த்திருந்தேன். "பச்சை வாடை போயிருங் கண்ணு" என்றார். புளி போட்டுத் தேய்த்தால் பித்தளைக் குடம் பளிச்சென்று ஆகிறதே, வாசமும் எண்ணெயில் ஒட்டின அழுக்குதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா வடைக்கு எண்ணெய் வைத்துவிட்டுத் திரும்பிய நேரம், குழம்புக்கு ஊறப்போட்ட புளியில் ஒரு உருண்டை எடுத்துச் சட்டியில் போட்டேன். ஈரப் புளி. படபடவென்று வெடித்து அடுப்பெல்லாம் தெறித்தது.

"கையில பட்டுதா? எதுக்குடி போட்டே?" என்று அம்மா ஓடிவந்தாள்.

"சித்திக்கு வாசம் போகட்டும்னு."

சத்தம் கேட்டு வந்த சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த எண்ணெயில் வடை வெந்ததும், எனக்காக ஒன்றைப் பிட்டுத் தன் வாயருகே கொண்டுபோனாள். "அம்முணி, உன்ற புளி தோத்துப்போச்சு" என்றவள் கொல்லைக்கு ஓடினாள். அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

கொஞ்ச நாளில் சித்தியின் அண்ணன் வந்து அவளைக் கூட்டிப்போனார். என் புளி பலிக்காததால்தான் போகிறாள் என்று அழுதேன்.

திரும்பி வந்தபோது அவள் மடியில் தம்பிப் பாப்பா. அன்றைக்கே எங்கள் எண்ணெயில் சுட்ட வடையைக் கேட்டு வாங்கித் தின்றாள். நான் ஓடிப்போய்ச் சட்டியை மோந்து பார்த்தேன். அதே வாசம். பின்னே எது மாறியது?

அது நான் பிள்ளை உண்டாகி, எனக்கும் தாளிக்கிற வாசம் ஆகாமல் போனபோது தெரிந்தது. எண்ணெய் சங்கதி இப்போதுதான். காலேஜில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் சொல்கிறாள்: வாசம் ஒட்டின அழுக்கில்லையாம். ஒவ்வொரு எண்ணெயிலும் கொழுப்பு அமிலம் வேறு வேறாம், காயும்போது அது உடைந்து அதனதன் வாசம் பிறக்குமாம். கடலை எண்ணெயின் பலகார வாசத்தைத் தருகிற அமிலம் தேங்காய் எண்ணெயில் கொஞ்சமே இருக்கிறதாம்.

அப்படியென்றால் சமையல்காரர் போட்ட புளி எதை எடுத்தது? அவளுக்கும் தெரியவில்லை. நான் எழுதியதில் பிசகிருந்தால், விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.