பெண்கள் அணியின் சீலன் அண்ணை

சீலன் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மனைவி வதனி அக்கா தொலைபேசியில் சொன்னபோது, நான் பனி மண்டபத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டங்களுக்கு நடுவே வெந்நீர் விட்டுப் பனித்தளத்தைச் சமப்படுத்தும் வண்டி அது. ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கே குழி விழுந்துவிடும். அதனால் அழுதுகொண்டே மிச்சச் சுற்றையும் ஓட்டி முடித்தேன். "பிள்ளையளின்ரை அணியை இனி மூடிப்போடுவினமோ? கடைசியா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவர்" என்றார் அக்கா. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் சீலன் அண்ணையைத் தெரியாத தமிழர்கள் குறைவு. அவர் ஐஸ் ஹொக்கிப் பயிற்சியாளர் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. கோயில் திருவிழாவில் ஒருவர், "இவர்தான் பனியிலை தடியோடை ஓடுறவர்" என்று அவரை அறிமுகப்படுத்தியதை நானே கேட்டிருக்கிறேன். அண்ணை சிரித்துவிட்டு இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.

அவர் வந்து தங்கிய அகதிகள் விடுதிக்குப் பக்கத்துக் கட்டடம் பனி மண்டபம். குளிருக்கு ஒதுங்கப் போன இடம் பனிக்கட்டியாக இருந்தது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அப்படி உள்ளே போனவர் அங்கிருந்த ஹொக்கிக் கழகத்தின் தடுப்பாட்டக்காரராக வளர்ந்தார். பெரிய லீக் ஒன்றும் இல்லை. பகலில் வீடுகளுக்கு வெப்பக் குழாய் பூட்டும் வேலை, மாலையில் ஆட்டம். பிறகு முழங்கால் போனது. ஒரு குளிர்காலம் முழுவதும் மண்டபத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. கூப்பிடப் போன என்னிடம், "கரையிலை நிண்டு கைதட்ட என்னாலை ஏலாது" என்று கதவைச் சாத்திவிட்டார். அன்று எனக்கு வந்த கோபத்தில் நானும் இனி இந்த மனிசனோடு கதைப்பதில்லை என்றுதான் இருந்தேன்.

அடுத்த பருவத்தில் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் தேவைப்பட்டார். கழகத்தில் ஒருவரும் முன்வரவில்லை. வீம்பை விட்டுவிட்டு மறுபடி போய்க் கேட்டேன். அவர்கள் நன்றாக விளையாடுவார்களா என்று அண்ணை கேட்கவில்லை. "ஒழுங்கா வருவினமோ?" என்றார். ஓம் என்றேன். மறுநாளே வந்து நின்றார். தாதி, கேக் கடைக்காரி, மாணவிகள் என்று கலந்த கூட்டம் அது. நான் அண்ணை என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் அவர் பெயர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சில நாளில் ஜேர்மன்காரப் பெண்கள் எல்லோருக்கும் அவர் அண்ணை ஆகிவிட்டார்.

எதிரணிக்கு விளங்காமல் கட்டளையிட அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் தமிழில் கத்துவது. "மாத்து" என்றால் களத்தில் நிற்பவர்கள் வெளியே வந்து புதியவர்கள் உள்ளே பாய்வார்கள். "இடப்பக்கம் அடி" என்றால் வட்டு அந்தப் பக்கம் பறக்கும். அணித் தலைவி காத்ரின் வீட்டில் தன் பிள்ளைகளையும் "கெதியா வா" என்றுதான் கூப்பிடுவாளாம். இந்த வித்தையால் பல ஆட்டங்களில் வென்றோம். அண்ணைக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

அந்தக் கனம் இறங்கிய நாளை அங்கிருந்த யாரும் மறக்கமாட்டோம். அன்று வென்றால்தான் பெண்களுக்குப் புதன்கிழமை மாலைப் பயிற்சி நேரம் நிலைக்கும் என்று கழகம் சொல்லியிருந்தது. எதிரணியின் கோல் காப்பாளரோ எதையும் உள்ளே விடவில்லை. இவர் இடப்பக்கம் என்று கத்தினால் அவள் முன்கூட்டியே இடப்பக்கம் நின்றாள். வலப்பக்கம் என்றால் வலப்பக்கம். கடைசியில் பொறுக்கமாட்டாமல் அண்ணை என்னைப் பார்த்து, "இந்தப் பெட்டை என்ன மந்திரம் வச்சிருக்கிறாளோ தெரியேல்லை" என்று கத்தினார். முகமூடிக்குள் இருந்து பதில் வந்தது: "மந்திரம் ஒண்டும் இல்லை அண்ணை, எனக்குத் தமிழ் விளங்கும்!"

தோற்றோம். புதன்கிழமை போனது. ஞாயிறு விடியற்காலை, யாரும் கேட்காத நேரம்தான் கிடைத்தது. எங்கள் பெண்கள் அழுதுகொண்டு உடைமாற்றும் அறைக்குள் போக, அண்ணை நொண்டிக்கொண்டே எதிரணிப் பக்கம் போனார். சண்டைக்குப் போகிறார் என்று நினைத்துப் பின்னால் ஓடினேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அபிநயா, ஜேர்மனியிலேயே, வுப்பர்டால் நகரில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. பக்கத்தில் அவளுடைய அப்பா, மகள் ஏதோ பிழை செய்துவிட்டாள் என்ற பயத்தோடு நின்றார். "பிழையோ? உங்கடை மகள் என்னை வடிவா வெண்டவள்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் அண்ணை.

பின்னர் தொழிற்கல்விக்காக அபிநயா எங்கள் ஊருக்கு வந்தபோது வேறு கழகம் தேடவில்லை. ஞாயிறு விடியற்காலையில் எங்கள் வலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

நோய் வந்த பிறகு அண்ணை கம்பளியைப் போர்த்திக்கொண்டு களத்தோர வாங்குப் பலகையில் இருந்தார். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, பயிற்சியாளர் படிப்பைப் படிக்கச் சொன்னார்.

"ஏலாது அண்ணை. எனக்கு வலைக்கு முன்னாலை நிக்க மட்டும்தான் தெரியும்."

"அங்கை நிண்டுகொண்டு முழு ஆட்டத்தையும் பாத்தது நீ ஒராள்தானே?"

அவள் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு வலைக்குத் திரும்பினாள். ஆனால் படிப்பில் சேர்ந்தாள், முடித்தாள். அணியை எடுப்பாயா என்று கேட்டால் மட்டும் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். அதற்குள் அண்ணை போய்விட்டார். பயிற்சியாளர் இல்லாவிட்டால் இந்தப் பருவம் அணி இல்லை என்று கழகம் சொல்லிவிட்டது. வதனி அக்காவுக்கு நான் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை.

செத்தவீடு முடிந்து வந்த ஞாயிறு, வழக்கம்போலப் பனியைத் தயார் செய்தேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அபிநயா வந்தாள். காலில் சறுக்குச் சப்பாத்து மட்டும். கோல் காப்பாளரின் மெத்தைக் கவசம் எதுவும் இல்லை.

"ஏன் பிள்ளை, உன்ரை உடுப்பு எங்கை?" என்று கேட்டேன்.

"புதுப் பிள்ளை ஒருத்தி போட்டிருக்கிறாள் அண்ணை. நான் இண்டைக்கு வலையிலை நிக்கேல்லை."

அணியை மூடமாட்டார்கள் என்று சொல்ல அங்கேயே நின்று வதனி அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன். இருவரும் அழுதோம்.

அண்ணையின் படம் மண்டப வாசலில் இருக்கிறது. அது எல்லோருக்குமானது. நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அவருடைய பார்வையை. நான் வெறும் தோல்வி என்று கண்ட ஆட்டத்தில், தன் அணிக்கு அடுத்த ஆளை அவர் கண்டார். அந்தப் பார்வையில் கொஞ்சமாவது எனக்கும் வந்தால் போதும். பயிற்சி முடிந்ததும் அபிநயா வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள். "அண்ணை, கழகத்திட்டை எங்கடை புதன்கிழமையைத் திருப்பிக் கேக்கப் போறன். நீங்களும் வாறியளோ?"

வண்டியைப் பனிக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினேன். "வாறன்" என்றேன்.