சிவப்புக் கட்டத்தின் மேல்

கோவில்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே மெஹருன்னிசா டி.டி.பி. கடை வைத்திருந்தாள். 2007இல் தீப்பெட்டி ஆலை முதலாளி முத்துகிருஷ்ணன், பெட்டியில் குச்சி அடைக்கும் புது இயந்திரம் ஒன்றை வாங்கினார். அதை இயக்கத் தொடுதிரை இருந்தது. திரையில் எல்லாம் ஆங்கிலம். வேலை செய்யும் பெண்களுக்காகத் தமிழில் ஒரு தாள் அடித்துத் தரச் சொன்னார். இயந்திரத்தை அவள் பார்த்ததில்லை. திரையின் போட்டோவை வைத்துக்கொண்டே அடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் ஒருவர் திறப்பு விழா நோட்டீஸ் அடிக்க வந்தார்.

"முகவரியில துணிக்கடையின் மேல்னு போடுங்கம்மா. நம்ம கடை மாடியில இருக்கு."

அதை அடிக்கும்போதே அவள் விரல்கள் நின்றுவிட்டன. ஆலைத் தாளில், 'இயந்திரத்தை நிறுத்த, சிவப்புக் கட்டத்தின் மேல் தொடவும்' என்றல்லவா எழுதியிருந்தாள். சிவப்புக்கு மேலே இருந்தது பச்சைக் கட்டம். அது வேகத்தைக் கூட்டுவது.

ஆலைக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நோட்டீஸ்காரரைக் கடையிலேயே உட்காரவைத்துவிட்டு ஆட்டோ ஏறினாள். வழியெல்லாம் யாரோ ஒருத்தியின் கை கண்முன் வந்துகொண்டே இருந்தது.

ஆலையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் அடித்த தாள். முன்னால் நின்று வேலை செய்துகொண்டிருந்த செண்பகவல்லி, கோணலாகச் சிக்கிய பெட்டியை எடுக்க, அதைத் தள்ளும் இரும்புத் தட்டின் பாதைக்குள் கையைக் கொண்டுபோனாள். கத்தினால் திடுக்கிட்டுவிடுவாள். மெஹருன்னிசா குரலை அடக்கிக்கொண்டாள்.

"அக்கா, கையை வெளிய எடுங்க."

எடுத்தாள்.

"இதை நிறுத்தணும்னா எங்கன தொடுவீங்க? தொட்டுராதீங்க, காட்டுங்க போதும்."

செண்பகவல்லியின் விரல் பச்சைக் கட்டத்துக்குப் போனது. "இங்கனதான். இன்னும் நிறுத்திப் பாக்கல, சிவப்புக்கு மேலன்னு போட்டிருக்குல்லா."

"அது இல்லக்கா. சிவப்பைத் தொடுங்க."

தொட்டாள். நிற்கவில்லை. மறுபடி தொட்டாள். சத்தம் அப்படியேதான் இருந்தது.

"நிக்க மாட்டேங்குதே" என்றாள் செண்பகவல்லி.

மெஹருன்னிசா பதறிப்போய்த் தன் விரலை அதில் ஊன்றி அழுத்தினாள். நின்றது. அந்தத் திரைக்குத் தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். அதுவும் அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.

முத்துகிருஷ்ணன் வந்தார். "ஒண்ணும் ஆகலையே. எதுக்கும்மா இப்படிப் பதறுதீங்க?"

"ஆகியிருந்தா நான் எழுதினதாலதான் ஆகியிருக்கும் அண்ணாச்சி."

அங்கேயே தாளில் அந்த வரியின் மேல் கோடு போட்டுவிட்டுப் பேனாவால் எழுதினாள்: 'நிறுத்த, சிவப்புக் கட்டத்தை விரலால் நன்றாக அழுத்தவும்.' ஒவ்வொரு பெண்ணையும் வாசிக்கச் சொல்லி, அழுத்திக் காட்டச் சொன்னாள். எல்லாரும் சரியாக நிறுத்தினார்கள். அதன்பிறகும் பேனாவை மூடாமலே, எழுதிய வரியை அவள் மறுபடி மறுபடி வாசித்தாள். செண்பகவல்லிதான் வாங்கி மூடிக் கொடுத்தாள்.