ரயருக்குள்ளை புல்லு

நெஞ்சுக்குத்து வந்து ஆஸ்பத்திரியிலை கிடந்து வீட்டை வந்த நாளிலையிருந்து என்ரை மனிசனுக்கு ஒரே சொல்லுத்தான்: "ஓம்." தேத்தண்ணி போடட்டோ? ஓம். விறாந்தையிலை இருக்கிறியளோ? ஓம். உப்பில்லாத கறியைத் திண்டுபோட்டு நல்லாயிருக்காம். கலியாணம் கட்டின நாள் தொட்டு நான் வாய் திறந்தால் எதிர்க்கதை கதைச்ச மனிசன். நானும் லேசுப்பட்டவள் இல்லை. உடுவிலிலை எங்கடை வீட்டுச் சத்தம் ஒழுங்கை முடக்குமட்டும் கேக்கும். சண்டை ஓய்ஞ்சால் நிம்மதி எண்டுதான் முந்தி நினைச்சனான். ஓய்ஞ்சாப் பிறகு எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. இந்த ஆள் இனி இப்பிடியே இருந்திடுமோ எண்டு இரவிரவா யோசிப்பன்.

மெல்ல மெல்லச் சைக்கிள் ஓடலாம் எண்டு டொக்டர் சொன்னவர். மகன் லீவிலை வரேக்கை கொண்டந்து விட்டிட்டுப் போன மலைச் சைக்கிள் ஒண்டு கிடந்தது. மொத்த ரயர், கியர், எல்லாம் இருக்கு. மலைக்கு நாங்கள் எங்கை போறது! அதை அவருக்குக் குடுத்து, என்ரை பழைய லேடீஸ் சைக்கிளிலை நான் பின்னாலை போவன். முதல் ஒழுங்கை, பிறகு சந்தை, பிறகு ஒரு நாள் விடியவே மயிலிட்டித் துறைமுகம். மீன் வாங்கிக்கொண்டு, பனங்காணிக்குள்ளாலை போற மணல் பாதையாலை திரும்பினம்.

முன்னாலை ஒரு மோட்டச்சைக்கிள் வந்தது. "ஓரமாப் போங்கோ!" எண்டு கத்தினன். "ஓம்" எண்டிட்டு ஓரத்திலை கிடந்த, வாள் மாதிரிப் பல்லு வைச்ச பனங்கருக்குமட்டைக்கு மேலாலையே ஏத்தினார். முந்தின ஆளெண்டால், "அங்கை கருக்குக் கிடக்கு, உமக்குக் கண் தெரியாதோ" எண்டு கேட்டிருப்பார். கருக்குப் பல்லு முன் ரயரின்ரை பக்கத்தைக் கிழிச்சு, ரியூப்பையும் கிழிச்சுப் போட்டுது. மோட்டச்சைக்கிள்காரன் திரும்பியும் பாக்கேல்லை.

என்ரை சைக்கிளிலை பம்பு இருந்தது. பெரிய கெட்டித்தனமாக் கொண்டந்தனான். அது ஊர்ச் சைக்கிள் வால்வுக்குத்தான் பொருந்தும், மகன்ரை சைக்கிளுக்குக் கார் வால்வு. என்ரை போன் வீட்டிலை சார்ச்சிலை. அவரின்ரை போன் மேசை லாச்சிக்குள்ளை. வெயில் ஏறுது. அந்தப் பாரச் சைக்கிளை அவர் மணலுக்குள்ளாலை தள்ளினால் நெஞ்சு தாங்குமோ?

"என்ரை சைக்கிளிலை நீங்கள் போங்கோ, நான் உந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாறன்" எண்டன்.

"ஓம்" எண்டிட்டு என்ரை சைக்கிளைப் பிடிச்சார். எனக்கு விசர் வந்திட்டுது. என்னை வெறும் பாதையிலை விட்டிட்டுப் போக ஒரு நாளும் சம்மதிக்காத மனிசன்! அதோடை, போற வழியிலை நெஞ்சு நொந்தால் ஆர் பாக்கிறது? "வேண்டாம், அந்த வடலிப் பனைக்குக் கீழை இருங்கோ" எண்டன். அதுக்கும் ஓம்.

சண்டை நேரம், ரயர் ரியூப் ஒண்டும் ஊருக்குள்ளை வராத தடைக் காலத்திலை எங்கடை ஒழுங்கையிலை ஒருத்தர் ரயருக்குள்ளை பழந்துணி அடைச்சு ஓடினதைக் கண்டிருக்கிறன். துணிக்கு எங்கை போறது? காய்ஞ்ச புல்லு வேணுமெண்ட அளவுக்கு நிண்டது. கையாலையே திருகிக் கழட்டிற முன் சில்லைக் கழட்டி, ரயரின்ரை ஒரு பக்கத்தை இழுத்தெடுத்து, ரியூப்பை உருவிப்போட்டு, கோவத்திலை புல்லைப் பிடுங்கிப் பிடுங்கித் திணிச்சன். ஒரு பக்கம் பொம்மிச்சுது, மற்றப் பக்கம் சப்பையாக் கிடந்தது. கிழிசலுக்குள்ளாலை புல்லு வெளியிலை வந்தது.

"உமக்கென்ன விசரே!"

திடுக்கிட்டுப் போனன். அவர் எழும்பி வந்து நிக்கிறார்.

"தலையணைக்குப் பஞ்சு அடைக்கிறீரோ? முதல் கிழிசலை மறைக்கோணுமெல்லே! உந்த வேலையை விடும், தள்ளும் அங்காலை."

நான் திணிச்ச புல்லு முழுக்க இழுத்தெறிஞ்சார். வடலி ஓலை ரெண்டு முறிச்சு, மடிச்சு, கிழிசலுக்கு உள்பக்கமா வைச்சார். புல்லைக் கயிறு மாதிரி முறுக்கி, கட்டை விரலாலை இறுக்கி இறுக்கி அடைச்சார். நான் அவரின்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டன். வேர்க்குதோ, மூச்சு வாங்குதோ, கை நெஞ்சுக்குப் போகுதோ? ஒண்டுமில்லை. ஏச்சு மட்டும்தான்.

"இவ்வளவு இறுக்கினால் ரயரை எப்பிடித் திருப்பிப் போடுறது?" வேணுமெண்டே கேட்டன்.

"அது எனக்குத் தெரியும், நீர் புல்லுப் பிடுங்கும்!"

பிடுங்கினன். ஐயோ, எவ்வளவு சந்தோசமாப் பிடுங்கினன் தெரியுமோ! அவர் வாயை மூடிவிடக் கூடாதெண்டு பச்சைப் புல்லையும் சேத்துப் பிடுங்கிக் குடுத்தன். அதுக்கும் ஏச்சு விழுந்தது.

சில்லு உருளேக்கை தடக் தடக்கெண்டு அடிச்சுது. முன்னாலை அவர், பின்னாலை நான், கான்டிலிலை தொங்கின மீன் பையை மோந்து கொண்டு ஒரு நாய். ஆறுதலா ஓடி வீட்டை வந்து சேந்தம்.

மீன் கொஞ்சம் பதம் கெட்டுத்தான் போச்சுது. எண்டாலும் காய்ச்சினன். சாப்பிடேக்கை, "நாளைக்குச் சைக்கிள் கடையிலை குடுத்துப் புது ரயர் போடுவமே?" எண்டு கேட்டன். ஓம் எண்டுதான் வருமெண்டு காத்திருந்தன்.

"மாட்டன்" எண்டார். "புல்லோடையே கொஞ்ச நாள் ஓடிப் பாப்பம். இதென்ன கறி, புளி காணாது."

"புளி விட உங்களுக்குக் கை இல்லையோ?" எண்டு நானும் சத்தம் போட்டன். ஒழுங்கை முடக்குக்கும் கேட்டிருக்கும். ஆஸ்பத்திரியிலையிருந்து என்ரை மனிசன் அண்டைக்குத்தான் வீட்டை வந்தவர்.