கை போன வழி

உத்தமபாளையத்தில் என்னைவிட நன்றாகப் படம் எடுக்கிறவர்கள் இருக்கலாம். நான் இன்னும் பார்க்கவில்லை. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குக் கேமரா என்று மார்க்கையன்கோட்டையில் என் வீட்டு வாசலில் நின்று கேட்ட சொந்தக்காரர்கள், இப்போது தங்கள் வீட்டு வளைகாப்புக்கு முதலில் என்னிடம் தேதி வாங்கிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போகிறார்கள். இதற்கு அப்புறமும் கொஞ்சம் திமிர் இல்லாவிட்டால் எப்படி?

என் ஸ்டுடியோ கம்பம் ரோட்டில் இருக்கிறது. கல்யாண சீசனில் பாதி வேலை முஸ்லிம் வீடுகளில்தான். பெண்கள் பகுதிக்குள் ஆண் கேமராக்காரர் நுழைய முடியாது, நான் நுழைவேன். அங்கே எடுக்கிற படம் எதுவும் என்னோடு வெளியே வராது. வேலை முடிந்ததும் மெமரி கார்டைக் கழற்றி வீட்டம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் என் செருப்பைத் தேடுவேன். ஆல்பத்தைக்கூட அந்த வீட்டிலேயே உட்கார்ந்து அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஒழுங்கு பிடித்துப்போய் ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குச் சொல்ல, என் பிழைப்பு ஓடுகிறது.

அப்படி நான் கல்யாணம் எடுத்த ஒரு வீட்டம்மா, விருந்தெல்லாம் ஓய்ந்த பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். கணவர் இல்லை. தையல் மெஷினை மிதித்தே ஒற்றை மகளைக் காலேஜ் வரை படிக்கவைத்தவர். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. விசா வந்ததும் மகளும் கிளம்பிவிடுவாள்.

"இவ போயிட்டா எனக்குச் சுவர்ல மாட்ட ஒரு படம் வேணும்," என்றார்.

"ஆல்பத்துல அத்தனை படம் இருக்கே பெரியம்மா. எதுன்னு சொல்லுங்க, பெருசாப் போட்டுத் தாரேன்."

"ஆல்பம் பீரோவுக்குள்ள இருக்கும். எங்க வீட்டுல இருக்கது ஒரே ஹாலு. அங்கனதான் தொழுகுறேன். மொகம் வச்ச படம் மாட்டுனதில்ல, இனிமேலும் மாட்ட மாட்டேன்."

"அப்ப?"

"மொகம் இருக்கக் கூடாது. உருவமே இருக்கக் கூடாது. ஆனா பாத்தா எம் மகதான்னு தெரியணும்."

மகள் சங்கடமாகச் சிரித்தாள். "தெனமும் வீடியோ கால் போடுவேன்னு சொல்றேங்க்கா, கேக்க மாட்டேங்குது."

"போன்ல நீ கூப்பிட்டாத்தான் உன்னையப் பாக்கலாம்," என்றார் அம்மா. "சுவர்ல இருந்தா நான் நெனச்சப்ப பாக்கலாம்ல."

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "இது ஒரு வேலையா பெரியம்மா, ஒரு வாரத்துல தாரேன்," என்று வாயை விட்டுவிட்டேன்.

முதலில் கையை எடுத்தேன். மருதாணி இன்னும் போகாத இரண்டு கைகள், ஜன்னல் வெளிச்சத்தில், மடியில் கோத்தபடி. அழகான படம். அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "கைய மட்டும் வெட்டித் தனியா வச்ச மாதிரி இருக்கே," என்றார். போயிற்று.

அடுத்து மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த வெள்ளைப் போர்வைக்குப் பின்னால் மகளை நிறுத்தி, நிழலை எடுத்தேன். "நெழலும் உருவந்தான. மூக்கு வேற அப்படியே தெரியுது," என்றார். அதுவும் போயிற்று.

மூன்றாவதாக ரொம்ப யோசித்து ஒன்று செய்தேன். மகளுடைய செருப்பு, காலேஜுக்குக் கொண்டுபோன பை, அவள் மட்டும் குடிக்கிற டம்ளர், எல்லாவற்றையும் வாசற்படியில் வைத்து, காலை வெயிலில் எடுத்தேன். இதற்கு மேல் ஒருத்தரால் எடுக்க முடியாது என்று நிச்சயமாக நினைத்தேன். அம்மா அதைப் பார்த்ததும் முகம் வாடிப்போயிற்று. "மவுத்தாப் போனவுக சாமான எடுத்து வெளிய வச்ச மாதிரி இருக்கு. இத வீட்டுக்குள்ள கொண்டாராத," என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு என்னதான் வேணும்னு வாயத் தெறந்து சொல்லுங்களேன்," என்று கேட்டேவிட்டேன்.

"அது தெரிஞ்சா நானே எடுத்திருப்பேனே. உங்கிட்ட எதுக்கு வர்றேன்," என்றார் அவர், ஒரு பதற்றமும் இல்லாமல்.

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் முணுமுணுத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து மூன்று படத்தையும் மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபோது, அந்த அம்மா சொன்ன மூன்றும் சரிதான் என்று பட்டது. அதுதான் இன்னும் எரிச்சல்.

மறுநாள் மகள் மட்டும் ஸ்டுடியோவுக்கு வந்தாள். விசா வந்துவிட்டது, அடுத்த வாரம் கிளம்புகிறாள். "அம்மா பேசுனத மனசுல வச்சுக்காதீகக்கா. படம் இல்லாட்டியும் பரவால்ல," என்று எனக்குச் சமாதானம் சொல்ல வந்திருந்தாள். பேசிக்கொண்டிருந்தவள் என் மேஜைக்கு மேலே மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். ஐயப்ப சீசனில், லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலைப்பாதையை ராத்திரியில் எடுத்தது. கறுப்பு மலையில் மஞ்சளும் சிவப்புமாகக் கோடு வளைந்து வளைந்து ஏறும்.

"இதுல வண்டியெல்லாம் எங்கக்கா?"

"ஷட்டரை மூடாம ரொம்ப நேரம் தெறந்து வச்சா, ஓடுற வண்டி படத்துல விழுகாது. அது லைட்டு போன வழி மட்டும் கோடா விழுகும்," என்றேன். சொல்லி முடித்ததும் நானே அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். வண்டி இல்லை, வண்டி போன வழி இருக்கிறது. அப்படியானால் ஆள் இல்லாமல், ஆளின் கை போன வழியை மட்டும் எடுத்தால்?

அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். "வீட்டுல தெனமும் நீ மட்டுமே செய்யுற வேலை என்ன? உங்கம்மா கண்ண மூடிக்கிட்டே இது நீதான்னு சொல்ற மாதிரி."

யோசித்தாள். தோசை என்றாள், துணி மடிப்பது என்றாள், அதெல்லாம் அம்மாவும் செய்கிற வேலைதான் என்று அவளே தள்ளினாள். அப்புறம் போகிற போக்கில் சொன்னாள். "அம்மாவுக்குத் தலை பின்னிவிடுவேன். சுகர் வந்து தோள்பட்டை இறுகிப்போச்சுல்ல, கை தலைக்கு எட்டாது. காலேஜ்ல சேந்ததுல இருந்து நான்தான் பின்னுறேன்."

"அடிப்பாவி, இத விட்டுட்டுத் தோசையச் சொல்லிக்கிட்டு இருக்க," என்றேன்.

பகலில்தான் எடுத்தோம். இருட்டு வேண்டும் என்பதால் ஹால் ஜன்னல்களைப் பழைய பிளக்ஸ் வைத்து அடைத்தேன். யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன பிளக்ஸ்; அதில் ஒருத்தர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். "அவுக மொகம் உள்ள பாக்காம மாட்டு," என்றார் அம்மா. வெளிப்பக்கமாகத் திருப்பி, அவசரத்தில் தலைகீழாக மாட்டியதில், தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இன்வெர்ட்டரில் எரிந்த சின்னச் சிவப்பு விளக்குக்குக்கூட ஒரு ஸ்டிக்கர்ப் பொட்டு ஒட்டினேன்.

சீரியல் செட் விளக்குச் சரத்தில் இருந்து கழற்றிய இரண்டு பொடி பல்புகளைப் பட்டன் பேட்டரியோடு கறுப்பு டேப்பில் சுற்றி, டேப்பில் ஊசியால் ஒரு துளை மட்டும் போட்டு, மகளின் இரண்டு மணிக்கட்டிலும் கட்டினேன். அம்மா கேமராவுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். மகள் பின்னால், கொஞ்சம் ஒதுங்கி நின்றாள். முதல் தடவை எடுத்ததில் பல்பு வெளிச்சம் பட்டு அம்மாவின் காதும் கன்னமும் மங்கலாகத் தெரிந்துவிட்டன. கேமராவின் திரையில் பார்த்த அம்மா, "அந்தா நான் தெரியுறேன்," என்று எழுந்துபோய்ப் புர்காவை மாட்டிக்கொண்டு, முடியை மட்டும் பின்னால் எடுத்து விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "வீட்டுக்குள்ள தலை பின்ன புர்கா போட்டவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்," என்று அவரே சிரித்தார்.

"இந்தத் தடவ ஆடாம இருங்க பெரியம்மா. என்ன ஆனாலும் திரும்பாதீக," என்று சொல்லி ஷட்டரைத் திறந்தேன்.

இருட்டில் இரண்டு புள்ளிகள் மட்டும் தெரிந்தன. மேலே போயின, பிரிந்தன, ஒன்றை ஒன்று தாண்டின. பாதிப் பின்னலில் இரண்டு புள்ளிகளும் நின்றுவிட்டன. சிக்கு விழுந்துவிட்டது போல என்று நினைத்தேன். நின்ற விளக்கு படத்தில் வெள்ளையாகப் பொங்கிப்போகும் என்று மனசுக்குள் திட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துப் புள்ளிகள் மறுபடி அசைந்தன, இறங்கின, கீழே வந்து ரப்பர் பேண்ட் போட்டு முடித்தன.

படம் நான் நினைத்ததைவிட நன்றாக விழுந்திருந்தது. ஆள் இல்லை, முகம் இல்லை, நிழல்கூட இல்லை. கறுப்பில் இரண்டு கோடுகள் மேலே அகலமாகத் தொடங்கி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து புறப்பட்டு, ஒல்லியாகி இறங்கின. அங்கங்கே இரண்டு மூன்று நரைமுடி மட்டும் மின்னியது. நடுவில், கை நின்ற இடத்தில், ஒரு வெள்ளைத் திட்டு.

மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "அக்கா, அந்த வெள்ளைய எடுத்துருவீகளா?"

"அது கம்ப்யூட்டர்ல ஒரு நொடி வேலை. வேணும்னா இன்னொரு தடவ எடுப்போமா?"

"வேணாம்க்கா, அம்மாவுக்குக் கழுத்து வலிக்கும்," என்று சொல்லிவிட்டு பிளக்ஸை அவிழ்க்கப் போய்விட்டாள்.

காது தெரிந்த முதல் படத்தை அம்மா கண்முன்னாலேயே அழித்தேன்; மிச்சம் முகம் இல்லாத படம் என்பதால் அந்தக் கார்டு மட்டும் அந்த வீட்டை விட்டு என்னோடு வெளியே வந்தது. திட்டை அழித்து, விட்டுப்போன கோட்டை இழுத்துச் சேர்த்தேன். எங்கே சேர்த்தேன் என்று எனக்கே கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு சுத்தம். தேனியில் கொடுத்து பிரேம் போட்டு வருவதற்குள் மகள் கொச்சியில் விமானம் ஏறிவிட்டாள்.

பிரேமோடு நான் போனபோது அம்மா மட்டும் இருந்தார். என்னை உள்ளே விட்டதும் அவர் முக்காடு நழுவியது. முடி கழுத்தோடு வெட்டியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"பின்ன ஆளில்ல. பக்கத்து வீட்டுப் புள்ளயக் கூப்பிட்டு வெட்டிட்டேன். கழுத்து சொகமா இருக்கு. அவகிட்ட சொல்லிப்பிடாத."

பிரேமை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நாலாவது தடவையும் வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நான் தயாரானேன். அவர் கோட்டின் உச்சியில் விரலை வைத்தார்.

"இங்கன வகிடு எடுத்தா. இங்கன மூணாப் பிரிச்சா. எடது கைதான் அவளுக்கு வலு, எப்பவும் அந்தப் பக்கம் இறுக்கிருவா. பாரு, இந்தக் கோடு உள்ளாற போகுது." பிரேம் கண்ணாடிக்கு மேல் விரல் மெதுவாக இறங்கியது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சாதித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

பாதியில் விரல் நின்றது. மேலே போனது, மறுபடி இறங்கி வந்தது.

"இங்கன அவ கை நின்னுச்சே. அது எங்க?"

அந்தத் திட்டை அவர் பார்த்ததே இல்லை. "சிக்கு விழுந்து நின்னிருக்கும் பெரியம்மா. வெள்ளையா அசிங்கமா விழுந்திருந்துச்சு. உங்க மகதான் எடுத்துரச் சொன்னா."

"அவளா எடுக்கச் சொன்னா?"

"ஆமா."

"சிக்கு இல்ல. அழுதா," என்றார். "ரெண்டு சொட்டு என் உச்சந்தலையில விழுந்துச்சு. சிக்கு எடுக்குறதா நான் நெனச்சுக்கட்டும்னு சத்தமில்லாம நின்னா."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டிருந்தா அவ போயிருக்க மாட்டா. நீதான் திரும்பாதன்னு சொன்ன. நல்லதாப் போச்சு." முக்காட்டுத் துணியால் பிரேம் கண்ணாடியைத் துடைத்தார், துடைக்க அதில் தூசி ஒன்றும் இல்லை. "அது இருக்குற படம் உங்கிட்ட இருக்கா?"

இருந்தது. ஒரு படத்தில் கை வைப்பதற்கு முன்னால் அசலை எடுத்துவைப்பது என் பழக்கம். கொஞ்ச நாளில் அதையும் அதே அளவில் பிரேம் போட்டுக் கொண்டுபோய், ஆணி அடித்து, அவர் சொன்ன இடத்தில் நானே மாட்டினேன். பழையதைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் போனேன். விடவில்லை, வாங்கி பீரோவில் வைத்தார்.

சுத்தியலைப் பைக்குள் போடுவதற்குள் மஸ்கட்டில் இருந்து கால் வந்தது. அம்மா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். முக்காட்டை நெற்றி வரை இழுத்து, கழுத்தைச் சுற்றிச் செருகிக்கொண்டார். மாட்டிய படம் திரையில் தெரியாதபடி எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து போனை எடுத்தார்.

"படம் வந்துருச்சாம்மா? காட்டு," என்றது மகளின் குரல்.

அம்மா பீரோவைத் திறந்து, நான் சுத்தம் செய்த படத்தை எடுத்துப் போனுக்கு முன்னால் பிடித்தார்.

"நல்லா இருக்காம்மா? உனக்குப் பிடிச்சிருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார் அம்மா, எதிரே மாட்டியிருந்த படத்தின் வெள்ளைத் திட்டைப் பார்த்துக்கொண்டே. "நீ எங்கயுமே நிக்காம பின்னியிருக்க."