வெள்ளைக்காரம்மா எப்போ ஊருக்குப் போறாங்க?

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி இருந்தது. அது தன் இஷ்டத்துக்கு வளரும், ஆடு வந்து மேயும், மிச்சமிருப்பதன்மேல் நான் துணி காயப்போடுவேன். ஒரு சித்திரை மாதக் காலையில் துணிவாளியோடு பின்பக்கம் போனால், தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண் பெரிய கத்தரிக்கோலோடு நின்று அந்த வேலிக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வெட்டு வெட்டுவாள், பின்னால் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சியை மட்டும் போய் நறுக்குவாள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கண்டதும் சிரித்து, தமிழிலேயே, "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்றாள். அடி ஆத்தாடி, செங்கல்பட்டில் சித்திரை மாதத்தில் நின்றுகொண்டு வெயில் ஜாஸ்தி என்று எனக்கே சொல்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு ஈரத்துணியோடு உள்ளே வந்துவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருக்கழுக்குன்றம் போகிற சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் புதிதாக மனை போட்டு விற்றார்கள். என் வீட்டுக்காரருக்கு பஜாரில் இரும்புச் சாமான் கடை. கடைக்குப் பின்னால் இருந்த புறாக்கூண்டு வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று நான் போட்ட சண்டையில் இங்கே வீடு கட்டினார். மொத்தமே ஏழெட்டு வீடு. பகலில் வயலில் நடவுப் பெண்களின் பேச்சும் எப்போதாவது ஒரு பஸ் ஹாரனும்தான் கேட்கும். பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்தவர் கருங்குழிப் பக்கத்து இஞ்சினியர். சீமைக்குப் படிக்கப் போனவர், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு வந்துவிட்டார். பெற்றவர்கள் வாசற்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டார்களாம். விடிந்ததும் கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். நடுவில் அவள் மட்டும் தனியாக. தெருவே அவளை வெள்ளைக்காரம்மா என்று மரியாதையாகச் சொல்லும். ஆனால் அவள் என்னைவிட ஒரு வயசு சின்னவள், அதனால் நான் அவள் என்றே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் யாரும் கேட்டைச் சாத்துவதில்லை. "இன்னா பண்றே?" என்று கேட்டுக்கொண்டே பின்கட்டு வழியாக நேரே அடுப்படிக்கு வந்துவிடுவோம். அவள் மட்டும் கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டாள். சரி, நம்மை வரவேண்டாம் என்கிறாள் போலிருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டோம். ஆனால் அவளைப் பற்றிப் பேசாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை. மூன்றாவது வீட்டு மேஸ்திரி சம்சாரம்தான் இதில் முன்னணி. "வெயில் அடிக்கறது நமக்குத் தெரியாதா இன்னா? மழை பெய்ஞ்சா மழைன்றா, காத்தடிச்சா காத்துன்றா. ரேடியோ மாதிரி சொல்லிகினு போறா" என்பாள். நாங்கள் பதிலுக்கு "சாப்டாச்சா?" என்போம். அவள் நின்று, யோசித்து, "இன்னும் இல்லை" என்பாள். "சரி, போய் சாப்டு" என்று சொல்லிவிட்டு நாங்கள் நடப்போம். அவள் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பாள். ஏன் நிற்கிறாள் என்று எங்களுக்குப் புரியவில்லை.

என்னால் எதையும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. கான்வென்டில் படித்த அரைகுறை இங்கிலீஷ் கையில் இருந்தது, அவளிடம் அரைகுறைத் தமிழ் இருந்தது, வேலியையும் இடுப்பளவுக்கு வெட்டிவைத்திருந்தாள். துணி காயப்போடும் சாக்கில் போய் நின்று விசாரிக்க ஆரம்பித்தேன். உங்கள் ஊர் லண்டனா? இல்லையாம், அங்கிருந்து ரொம்ப தூரமாம். பார்த்தால் இந்தத் தெரு மாதிரியேதான் இருக்கும் என்றாள். ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் கோதுமை வயல், செம்மறி ஆடு, சேறு. வீட்டுக்கு வீடு வேலி, அதை ஒழுங்காக வெட்டாவிட்டால் அக்கம்பக்கத்தில் முகம் சுளிப்பார்கள். பால் விடியற்காலையில் வாசலுக்கு வந்துவிடும், பால்காரர் முகத்தையே பார்க்க வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தாராம். அவள் பிறந்ததிலிருந்து தினம் அவரிடம் குளிரையும் மழையையும் பற்றிப் பேசியிருக்கிறாள். அவர் வீட்டுக்குள் ஒரு நாள்கூடப் போனதில்லை. "சண்டையா?" என்றேன். "இல்லை, இல்லை, ரொம்ப நல்ல மனுஷர்" என்றாள். அவள் அம்மாவுக்கு நிமோனியா வந்தபோது யாரோ சூடாக சூப் கொண்டுவந்து வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்களாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தட்டிட்டு ஓடிட்டாங்களா? உள்ள வந்து நெத்தியைத் தொட்டுப் பாக்கலையா?" என்றேன். "வந்தால் எங்களுக்குச் சிரமம். அதனால்தான்" என்றாள். அதைப் பெருமையாகவே சொன்னாள்.

அன்று அது எனக்குக் கதையாகத்தான் இருந்தது. இப்போது கூடுவாஞ்சேரியில் மகனோடு அடுக்குமாடியில் இருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண் லிஃப்டில் ரொம்ப மரியாதையாகச் சிரிக்கிறாள், அவள் வீட்டுக்குள் என்ன நிறத்துத் திரை என்று எனக்குத் தெரியாது. ஆரம்பத்தில் எரிச்சலாக வந்தது. பிறகு, இதுவும் ஒரு மாதிரி அன்புதானோ என்று யோசிக்க ஆரம்பித்திருக்கிறேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

ஆவணியில் அவள் வயிறு தெரிய ஆரம்பித்தது. கேட் சாத்தியிருந்தால் என்ன, பிள்ளைத்தாய்ச்சியைக் கண்டால் எங்கள் தெருவால் சும்மா இருக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "ஊருக்கு எப்போ போறே?" தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் பக்கம் எல்லாச் சாதிக்கும், எல்லா மதத்துக்கும் பொது. நான் கேட்டேன், மேஸ்திரி சம்சாரம் கேட்டாள், கீரைக்காரி கேட்டாள். அவள் ஒவ்வொரு தடவையும் முகம் வெளுத்து, "சீக்கிரம்" என்பாள். வெயிலைப் பற்றிப் பேசுவதைக்கூட நிறுத்திவிட்டாள். மசக்கைச் சோர்வு என்று நினைத்தோம்.

ஐப்பசி மழையில் அவளுக்கு ஏழாம் மாதம் பிறந்தது. ஒன்பதாம் மாதம் வரை ஏன் இழுக்கவேண்டும், ஏரோப்ளேன் ஏறுவதற்குள் நாமே வளையல் போட்டு அனுப்பிவிடுவோம் என்று தெருப் பெண்கள் கூடிப் பேசினோம். சொல்லிவிட்டு வரும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் தடவையாக அந்தக் கொக்கியை எடுத்துவிட்டு உள்ளே போனேன். கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது, பாதி துணி அடுக்கியிருந்தது. நான் சந்தோஷமாக, "வெள்ளிக்கிழமை வளையல், அஞ்சு வகை சோறு, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

"அப்புறம் அனுப்புவீங்க. இல்லை?" என்றாள்.

"ஆமா, அதானே வழக்கம்" என்றேன் நான்.

பெட்டிமேலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். வலி கண்டுவிட்டதோ என்று வயிற்றைத் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்றாள். எங்கள் 'இன்னா'வே அவள் வாயில் வந்தது. "எல்லாரும் எப்போ போறே, எப்போ போறேன்னு கேக்குறாங்க. நீயும் கேக்குறே. சாப்டாச்சான்னு தினம் கேக்குறே, நான் இல்லைன்னா வான்னு சொல்ல மாட்டே. இப்போ விழா வெச்சு அனுப்புறே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அடி பைத்தியமே!" என்று கத்திவிட்டேன். "போகச் சொல்றதா அது? தாய் வூட்ல போய் காலை நீட்டி உக்காரட்டும்னு கேக்கறது. உங்கம்மா உன்னைப் பாக்காம எப்டித் தவிச்சுகினு இருப்பாங்க?"

"அம்மா இல்லை" என்றாள். அந்த நிமோனியாவோடு போய்விட்டார்களாம். வீட்டையும் விற்றாகிவிட்டது. அண்ணன் ஒருவன் உண்டு, அவனுக்கு எழுதவில்லை. எங்கேயோ வாடகைக்கு அறை எடுத்துத் தனியாகப் பெற்றுக்கொள்ளப் போகிறாள். புருஷனிடம் ஊருக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷர் நம்மூர்க்காரர்தானே, முதல் பிள்ளைக்கு ஊருக்குப் போவது நியாயம்தான், அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்துவிட்டார். அவரும் தன்னை அனுப்பிவைக்கிறார் என்றே இவள் எடுத்துக்கொண்டாள்.

"அப்போ எதுக்குப் போறே?"

"யாரும் இருன்னு சொல்லலையே."

இருக்கிற ஆளைப் பார்த்து இரு என்று யார் சொல்வார்கள்? எனக்குக் கோபம்கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பெட்டியிலிருந்த துணியை எல்லாம் வாரிக் கட்டில்மேல் போட்டேன். "இரு" என்றேன். போதாது என்று தோன்றியது, இங்கிலீஷிலும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வளையல் போட்டோம். போட்ட பிறகுதான் சிக்கல். வளையல் போட்டவள் அன்றே தாய் வீட்டுக்குக் கிளம்பியாக வேண்டும், புருஷன் வீட்டில் தங்கக் கூடாது. மேஸ்திரி சம்சாரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னா பண்றது இப்போ?" என்றாள். "எங்க வூட்டுக்கு வர்றா" என்றேன். என் வீட்டுக்காரரை நான் கேட்கவே இல்லை. அவர் அன்று மாலை கடையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, "அப்போ மாப்பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை கறி எடுக்கறது யாரு, நானா?" என்றார். மறுநாளே கட்டிலுக்குக் கொசுவலை வாங்கிவந்தார். இஞ்சினியர் தினமும் மாலையில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டுத் தன் வீட்டுக்குத் தூங்கப் போனார். தெருப் பெண்கள் பகலெல்லாம் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருநாள் என் காதில், "மத்தியானம் கொஞ்ச நேரம் யாரும் வராமல் இருக்கலாமா?" என்று கெஞ்சினாள். கதவைச் சாத்தி வெளியே நான் காவல் இருந்தேன்.

தை மாதத்தில் பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நர்சம்மா வராந்தாவுக்கு வந்தார். குழந்தையின் அப்பா கையை நீட்டினார். நர்சம்மா கொடுக்கவில்லை, முதலில் தாய் வீட்டார் கையில்தான் கொடுப்பது என்று வழக்கம் வைத்திருந்தார். "பொண்ணோட அம்மா வூட்டுக்காரங்க யாருப்பா?" என்று சுற்றிலும் பார்த்தார். வெள்ளைத்தோல் ஆள் யாரையாவது தேடியிருப்பார். இஞ்சினியர் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனேன். நர்சம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ யாரும்மா?"

"அவங்க அம்மா வூடு" என்றேன்.