கைப்பிரேக் போடாத சனிக்கிழமை

இந்த வாரப் பத்தியை இரண்டு கைகளாலும் தட்டச்சு செய்கிறேன்.

இதில் என்ன புதினம் என்கிறீர்களா? போன சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் வலது கையின் எதிர்காலத்தை ஒரு பழைய கார் ரயர் தாங்கிக்கொண்டிருந்தது. கை பிழைத்தது. விரல்களை இன்று காலைகூட ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்... ஐந்து.

கதையைக் கேத்திலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

என் மனைவி வதனிக்கு முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. காலை ஏழு மணி ஷிஃப்ட். அதற்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் ஊரான மல்வேர்னில் முதல் உறைபனி. காரின் முன்கண்ணாடி முழுக்க வெள்ளைப் பூப் பூத்திருந்தது. பனி சுரண்டுகிற கட்டையைக் காணவில்லை. தேட நேரமும் இல்லை. தேத்தண்ணிக்குக் கொதித்த கேத்திலைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடியில் ஊற்றிவிட்டாள்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். கண்ணாடியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு கோடு — தூரத்து ஆறு ஒன்றை விமானத்திலிருந்து பார்ப்பதுபோல, வளைந்து, வெள்ளியாக, அழகாக.

அழகு கிடக்கட்டும். நான் விடுவேனா?

"உறைஞ்ச கண்ணாடிக்கு ஆராவது சுடுதண்ணி ஊத்துவினமே? இருவது வருசமா இந்த ஊரில இருக்கிறீர்!"

"ஓம், ஊத்திப்போட்டன். அதுக்கு என்னைத் தூக்கில போடப் போறியளோ?"

தூக்கில் போடவில்லை. ஒரு கிழமை முழுக்க, சாப்பாட்டு மேசையில், படியில், காருக்குள், அந்தக் கேத்திலைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. குளிர்கால ரயர் மாற்ற வேண்டும். கராஜில் கேட்டால் மூன்று கிழமை கழித்து வா என்கிறார்கள். நவம்பர் பிறந்தால் சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் ரவுன்ஹவுஸ் வீட்டு வரிசையில் பாதி ஆண்கள் மெக்கானிக் ஆகிவிடுவது இப்படித்தான். நானும் ஆனேன்.

எங்கள் டிரைவ்வே தெருப் பக்கமாகக் கொஞ்சம் சரிவு. பெரிய சரிவில்லை. ஒரு பந்தை வைத்தால் யோசித்து யோசித்துத்தான் உருளும்.

கார் நிலத்தில் நிற்கும்போதே நட்டுகளைத் தளர்த்தினேன். அதுவரை சரி. முன் இடது சில்லை ஜாக் போட்டு உயர்த்தினேன். துருப்பிடித்து ஒட்டிக்கிடந்த சில்லைப் பழைய ரயரோடு காலால் உதைத்துக் கழற்றினேன். என்னை நானே மெச்சிக்கொண்ட தருணம் அது.

பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கவிதை எழுதிற கையாலயோ நட்டுக் கழட்டுறீர்? பாத்து... எதுகை மோனை கழண்டு விழப்போகுது!"

அந்த நேரம் பார்த்து, அன்று ஷிஃப்ட் இல்லாத வதனி தேத்தண்ணியோடு வந்தாள். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தாள்.

"கழட்டின சில்லை ஏன் புல்லில போட்டு வைச்சிருக்கிறியள்? காருக்குக் கீழ தள்ளி விடுங்கோ."

"ஏன், அதுக்குக் குளிருதாமோ?"

"பகிடி விடாதேங்கோ. எங்கட வேலையில ஒரு ஆளைத் தூக்கிறதெண்டால், முதல் கட்டில் சில்லைப் பூட்டவேணும். மெசினால தூக்கினாலும் பக்கத்தில ரெண்டாவது ஆள் நிக்கவேணும். தொண்ணூறு றாத்தல் நிறை மனிசிக்கே அப்பிடி. உந்தக் காருக்கு ஒரு ஜாக் மட்டும் காணுமோ?"

"அண்ணை, கேத்தில் எஞ்சினியர் கதைக்கிறா, கேளுங்கோ!"

சிவம் அண்ணை சிரித்தார். நான் சிரித்தேன். வதனி சிரிக்கவில்லை. கோப்பையைப் படியில் வைத்தாள். சில்லைத் தானே இழுத்துவந்து படுக்கப்போட்டு, செருப்புக் காலால் காரின் முன்கதவுக்குக் கீழே தள்ளினாள். பிறகு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

இரண்டு நிமிடம் இருக்குமா? ஒரு நட்டு என் கையிலிருந்து நழுவி, காருக்குக் கீழே ஓடியது.

என்ன செய்வீர்கள்? வாசல் கூட்டுகிற தும்புத்தடியால் இழுத்து எடுப்பீர்கள். நான் குப்புறப் படுத்தேன். வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டேன். விரல் நுனியில் நட்டு தட்டுப்பட்டது. இன்னும் ஒரு அங்குலம்... எக்கியபோது தோள் காரில் இடித்தது.

கார் பெருமூச்சு விட்டது. சொற்களோடு சீவிக்கிறவன் நான். இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மெல்லப் பின்னால் நகர்ந்தது. ஜாக் சாய்ந்தது. கன்னத்துக்குப் பக்கத்தில் வானம் தாழ்ந்ததுபோல ஒரு நிழல். பிறகு — தொம்.

கார் அந்தப் பழைய ரயரில் உட்கார்ந்திருந்தது. காருக்கும் நிலத்துக்கும் நடுவில் கிடைத்த அந்த ஒரு சாண் உயரத்தில், நசுங்காமல், என் கை.

வதனி பாய்ந்து வந்தாள். என் பெல்ட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். தினமும் ஆட்களைத் தூக்கிப் புரட்டுகிற கை அல்லவா? நிமிர்த்திப் போட்டாள்.

"விரலை ஆட்டுங்கோ. ஒவ்வொண்டா."

ஆட்டினேன். ஐந்தும் ஆடின. அவள் போய்ப் படியில் உட்கார்ந்து, எனக்குக் கொண்டுவந்த தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தாள். கோப்பை பல்லில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

சிவம் அண்ணை காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"கைப்பிரேக் போடேல்லையோ?"

"கியரைப் பார்க்கில விட்டனான் அண்ணை."

"விசரே உமக்கு? பார்க் பிடிக்கிறது முன்சில்லை. அதில ஒண்டைத் தூக்கினால் பிறகென்ன பிடி? பின்சில்லுக்கு ஒரு கல்லாவது வைச்சிருக்கலாமே!"

உண்மையைச் சொல்லுங்கள், வாசகர்களே. ஓட்டோமட்டிக் கார் வாங்கிய பிறகு கைப்பிரேக்கை எத்தனை தரம் தொட்டிருக்கிறீர்கள்? இந்தக் கார் வாங்கிய அன்று நல்ல நேரம் பார்த்தேன். கோயிலில் பூசை செய்வித்தேன். நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசித்தேன். நசுங்குகிற பழத்தை மறக்காமல் வைத்தவனுக்கு, நசுங்காத கல் ஒன்றை வைக்கத் தோன்றவில்லை.

சிவம் அண்ணையின் பெரிய ஜாக் வந்தது. கைப்பிரேக் ஏறியது. பின்சில்லுகளுக்குப் பின்னால் செங்கற்கள் வந்தன. மிச்ச மூன்று சில்லும் மாறின. கழற்றிய சில்லை ஒவ்வொரு முறையும் நானே காருக்குக் கீழே தள்ளினேன் — யாரும் சொல்லாமலே.

செவ்வாய்க்கிழமை கண்ணாடி மாற்ற ஒருவர் வந்தார். விரிசல் கோட்டைப் பார்த்தவர், அதன் நடுவில் விரலை வைத்துக் கேட்டார்: இங்கே முதலே ஒரு புள்ளி இருந்ததா?

இருந்தது. கோடையில் நாலு-பூச்சியம்-ஒன்று நெடுஞ்சாலையில் ஒரு லொறி தெறிக்கவிட்ட கல். அரிசிமணி அளவு. கால் மணி நேர வேலை, அடைத்துவிடலாம் என்று வதனி அப்போதே சொன்னாள். சின்னப் புள்ளிதானே என்றேன். சுடுதண்ணீர் செய்தது பிழைதான். ஆனால் அதற்கு வாசலைத் திறந்து வைத்தவன் நான்.

அன்று பின்னேரம் அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுகொண்டோ ஒரு கிழமை பேசாமல் இருந்தனீர்?"

"நீங்கள் கதைச்சுக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்... எனக்கு எங்க இடம் விட்டனீங்கள்?"

ஆகவே, இந்தப் பத்தியில் என் வலது கை அடித்த எழுத்துகள் அத்தனையும் — வதனியின் உபயம்.