கல் கட்டாத புடலங்காய்

அண்ணா நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் நிறைகிறது. வருஷாப்திகத்துக்கு வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கும் பந்துக்களும் சிநேகிதர்களும் அண்ணாவின் குணங்களை நான் வரிசையாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்கலாம். அவற்றை நீங்களே அறிவீர்கள். உங்களில் பலர் அறியாத ஒரு நாளைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப்போகிறேன். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது.

அண்ணா பாலக்காட்டுக்கு அருகே ஒரு கிராமத்தில் ஐந்து குழந்தைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைசி. நடுவில் மூன்று பேர் தங்கவில்லை. அண்ணா பத்தொன்பது வயதில் பம்பாய் வந்து ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் குமாஸ்தாவானார். பிறகு என்னையும் வரவழைத்துப் படிக்கவைத்து, உத்தியோகமும் தேடிக்கொடுத்தார். மாதுங்கா வீட்டுக்குக் குடிவந்த சில வருஷங்களில் மன்னி காலமானார். அவர்களுடைய ஒரே மகள் நாகபுரியில் வாழ்க்கைப்பட்டு, கடைசிக் குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்போது ஜுரத்தில் போய்விட்டாள். மாப்பிள்ளை மூன்று குழந்தைகளையும் கொண்டுவந்து அண்ணாவிடம் விட்டார். சாரதா, மணி, கடைக்குட்டி குஞ்சு.

கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட அண்ணா அந்த வயதில் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். சாரதாவின் பின்னல் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள் என்று அவள் ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை.

மூன்று வருஷம் இப்படி நடந்தது. போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் மாப்பிள்ளை வந்தார். மறுவிவாகம் செய்துகொண்டிருந்தார். நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். தீபாவளிக்கு முன்னால் குழந்தைகளை அழைத்துப் போவதாகச் சொன்னார். அண்ணா ஒன்றே ஒன்று கேட்டார்.

“பெரியவா ரெண்டு பேரும் வரட்டும். குஞ்சுவை மட்டும் எங்கிட்ட விடுங்கோ, மாப்பிள்ளை.”

“குழந்தையையே கேட்டுடுங்கோ. இருக்கேன்னு சொன்னா இருக்கட்டும். நான் தடுக்கலை.”

கேட்பதற்கு அண்ணா குறித்துவைத்த நாள் செம்பூரில் விவசாயக் கண்காட்சி நடந்த ஞாயிற்றுக்கிழமை.

அது யுத்த காலம். காலி இடத்திலெல்லாம் காய்கறி போடச் சொன்னார்கள். அண்ணா எங்கள் கட்டடத்தின் பின்புறத்தில் புடலை விதைத்துப் பந்தல் போட்டிருந்தார். ஒரு காய் அபாரமாக இறங்கியது. கண்காட்சியில் நீளமான காய்க்குப் பரிசு உண்டு என்று கேள்விப்பட்டதும் நான் தினமும் காலையில் நூல் பிடித்து அளக்க ஆரம்பித்தேன். காய் நேராக இறங்குவதற்காக அண்ணா வழக்கம்போல் அதன் நுனியில் கல்லைக் கட்டினார். குஞ்சு பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அதுக்கு வலிக்காதா, தாத்தா?”

“காய்க்கு என்னடீ வலி?”

“உன் காதுலே கல்லு கட்டினா வலிக்காதா?”

அண்ணா கல்லை அவிழ்த்துவிட்டார். மூன்றாம் நாள் காய் நடுவில் வளைந்தது. பத்து நாளில் சுருண்டது.

“அண்ணா, பரிசு போயிடும். அவ தூங்கினப்புறம் கட்டுங்கோ” என்று நான் சண்டை போட்டேன்.

“காலம்பற எழுந்து வந்து பார்ப்பாளேடா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காயை ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, குர்லாவில் வண்டி மாறிச் செம்பூருக்குப் போனோம். ஏறும்போதும் இறங்கும்போதும் நான் குழந்தைகளின் தலைகளை எண்ணினேன். “மூணு குழந்தைதானேடா அம்பி, முப்பதா?” என்று அண்ணா கேலி செய்தார்.

மைதானத்தில் ஒரு பக்கம் கொம்புக்குச் சாயம் பூசிய காளைகள், இன்னொரு பக்கம் ராட்டினம், நடுவில் காய்கறிப் பந்தல். நேர்நேராகக் கிடந்த புடலங்காய்களுக்கு நடுவே எங்களுடையதை வைத்தோம். “தாத்தா, இது புடலங்காய் இல்லே, ஜிலேபி” என்றான் மணி. நாடாவுடன் வந்த மராட்டிக்காரர் குனிந்து பார்த்து, “காய் ஆஜோபா, சாப் ஆண்லாத்?” என்றார். பாம்பையா கொண்டுவந்தீர்கள் என்று கேட்கிறார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். குஞ்சு மட்டும் நிமிர்ந்து நின்று, வந்தவர் போனவரிடமெல்லாம் தமிழிலேயே சொன்னாள்: “நாங்க கல்லு கட்டலே. அதான்.”

மராட்டிக்காரர் காயின் தலையிலிருந்து நுனிவரை நாடாவை நேராகப் பிடித்து, வளைவைக் கணக்கில் சேர்க்காமல் போய்விட்டார். நான் விடவில்லை. பையிலிருந்து நூலை எடுத்து வளைவோடு அளந்து காட்டினேன். முதல் பரிசுக் காயைவிட எங்களுடையது ஒரு சாண் கூட. அண்ணா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“விடுடா அம்பி. இன்னிக்கு அதுக்கா வந்தோம்?”

சாரதாவும் மணியும் ராட்டினத்தில் ஏறினார்கள். குஞ்சுவுக்குப் பயம். புளியமரத்தடியில் அண்ணாவின் மடியில் கரும்புத் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

“குஞ்சு, அப்பா தீபாவளிக்கு உங்களை நாக்பூர் அழைச்சுண்டு போறா. அக்காவும் மணியும் போறா. நீயும் போறியா, தாத்தாவோட இருக்கியா? உன் இஷ்டம்.”

அவள் ராட்டினத்தைப் பார்த்தாள். மேலே போன சாரதா கையை ஆட்டினாள். இவளும் ஆட்டினாள். அது கீழே வந்து மறுபடி மேலே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணாவின் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“நான் போனா உனக்கு வலிக்குமா, தாத்தா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் இருந்திருப்பாள். அந்தக் குழந்தையை நாங்கள் இருவரும் அறிவோம்.

“எனக்கு என்னடீ வலி?” என்று அண்ணா சிரித்தார். “சண்டை போடச் சின்னத் தாத்தா இருக்கான். நீ போயிட்டு வா.”

“அப்போ சரி” என்று சொல்லி அவள் கரும்பைக் கடித்தாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் போரிபந்தர் ஸ்டேஷனில் நாகபுரி வண்டி புறப்பட்டபோது, பழக்க தோஷத்தால் தலைகளை எண்ணினேன். மூன்றும் சரியாக வண்டிக்குள் இருந்தன.  வீட்டுக்கு வந்ததும் அண்ணா பந்தலடிக்குப் போய் நின்றார். மழைக்காலம் முடிந்து கொடி காய்ந்திருந்தது.

அதன் பிறகு அண்ணா படுக்கையில் விழவில்லை. அலுத்துக்கொள்ளவும் இல்லை. சாப்பாடு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. தை மாதம் ஒரு விடியற்காலையில் தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் அடங்கிவிட்டது.

அந்தக் கடைசி வாரங்களில் பணம் வாங்காமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், ரேஷன் காலத்திலும் தங்கள் பங்கு அரிசியில் கஞ்சி வைத்து அனுப்பிய எதிர்வீட்டு அம்மாளுக்கும், தோள் கொடுத்த கட்டடத்துப் பிள்ளைகளுக்கும், தந்தி கிடைத்த உடனே குழந்தைகளோடு புறப்பட்டு வந்த மாப்பிள்ளைக்கும் என் நமஸ்காரங்கள். அன்று வந்த குஞ்சு என்னிடம் தனியாக, “தாத்தாவுக்கு வலிச்சுதா?” என்று கேட்டாள். எதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று சொன்னேன்.

அண்ணாவின் வார்த்தைக்கு மேல் நான் ஒரு வார்த்தை வைக்கக் கூடாது. ஆனால் ஒரு விவரம் தப்பாகப் பதிந்துபோவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. குழந்தைகள் நாகபுரியில் ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். குஞ்சுவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

வலித்தது.

இதை யாரும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.